பத்தாயிரம் ரூபாய்க் கோடு

மாதம் பத்தாயிரம் ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு பணம் கட்டுமா, கட்டாதா என்பது இந்தத் தொகையில்தான் நிற்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை கிடைக்கும். குடும்பம் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. 2022 ஜனவரி 11 முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தத்தின்படி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் வீதம் அரசே பிரீமியம் செலுத்துகிறது. வருமானச் சான்றில் 1,20,001 என்று இருந்தால் அந்த 849 ரூபாயில் ஒரு ரூபாய்கூட அந்த வீட்டுக்குக் கிடையாது.

அப்படி வெளியே நிற்கும் குடும்பம் காப்பீட்டு நிறுவனத்திடம் நேரே போய்ப் பாலிசி வாங்க வேண்டும். அறுபதைத் தாண்டிய கணவன் மனைவிக்கு 5 லட்ச ரூபாய்ப் பாலிசி என்றால் ஆண்டுக்கு முப்பது, நாற்பதாயிரம் கேட்பது இன்று சாதாரணம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்தால் இன்னும் கூடும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வேறு. ஏழைக்கு முழுப் பிரீமியமும் கட்டுகிற அரசு, வசதியுள்ளவருக்கு வருமான வரியில் கழிவு தருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவருக்கு, மிக அண்மைக்காலம் வரை, எதுவுமே தரவில்லை. தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் இந்த நடுவிடம் எவ்வளவு அகலமானது என்பதை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளின் வீட்டுக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மயிலாப்பூரில் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில், தனியார் நிறுவனங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர்கள் ஏராளம். அரசு ஓய்வூதியம் இல்லாதவர்கள் இவர்கள். தொழிலாளர் வைப்பு நிதியின் ஓய்வூதியத்துக்கு 2014இல் வைத்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அப்படி ஒரு தம்பதி, வாழ்நாள் சேமிப்பான 25 லட்சம் ரூபாயை வங்கியில் போட்டு 7 சதவீத வட்டியில் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,75,000 ரூபாய், அதாவது மாதம் பதினான்காயிரத்துச் சொச்சம். கோட்டைத் தாண்டிவிட்டதால் முதல்வர் காப்பீட்டு அட்டை கிடைக்காது. வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாததால் வரிக் கழிவால் பயனில்லை. முப்பத்தைந்தாயிரம் ரூபாய் பிரீமியம் என்றால் அது அவர்களுடைய ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பலர் ஒரு கட்டத்தில் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதற்குக் காரணம் அசட்டை அல்ல, இந்தக் கணக்குதான். அதுவும் விடுவது எப்போது? பாலிசி உண்மையாகவே தேவைப்படத் தொடங்கும் வயதில்.

தி.நகரின் கணக்கு வேறு. உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடை என்றால் அது கட்டாயம். 2019 ஜூலை முதல் தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். இருபதாயிரம் சம்பளக்காரருக்கு மாதம் 150 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி 650 ரூபாய் போடுவார். மொத்தம் 800 ரூபாயில் மருத்துவமனைச் சேர்க்கை மட்டுமல்லாமல் புறநோயாளிச் சிகிச்சை, மருந்து, நோய்க்கால ஊதியம் எல்லாம் அடக்கம். சம்பளத்துக்கு ஏற்றபடி கட்டணம், தேவைக்கு ஏற்றபடி சிகிச்சை என்பது இந்தியாவில் 1952இலேயே இ.எஸ்.ஐ. வடிவில் தொடங்கிவிட்ட ஏற்பாடு. கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை தி.நகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இங்கேயும் ஒரு கோடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் நடப்புச் சந்தாக் காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ. நின்றுபோகும். 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. பத்து வருடம் உழைத்து மேற்பார்வையாளராகி, சம்பளம் 22,000 ஆகும் ஒருவருடைய குடும்பம் அந்த ஆயிரம் ரூபாய் உயர்வுக்காக மொத்த மருத்துவப் பாதுகாப்பையும் இழக்கிறது. அதே தெருவில் நான்கைந்து பேர் வேலை பார்க்கும் சின்னக் கடைகளுக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமே இல்லை.

அடையாறு, பெசன்ட் நகர், இந்திரா நகர் வீடுகளில் சமையலும் பாத்திரமும் பார்க்கும் பெண், நாலு வீட்டு வேலையில் மாதம் பன்னிரண்டாயிரம் சம்பாதிக்கிறார். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார் அல்லது உணவு டெலிவரிக்குப் போகிறார். இரண்டையும் சேர்த்தால் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வந்துவிடும். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல் போக என்ன மிஞ்சும் என்பதைச் சென்னையில் வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திட்டத்தின் கணக்கில் இவர்களும் கோட்டுக்கு வெளியே. ஆன்லைன் நிறுவனங்களுக்காக ஓடும் டெலிவரித் தொழிலாளர்களை அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவின் வழியாக, மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீடான பிரதமரின் ஜன் ஆரோக்ய யோஜனாவில் சேர்ப்பதாக 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. வீட்டுவேலைப் பெண்ணுக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை.

இந்த மூன்று வீடுகளையும் ஏழை என்று சொல்ல முடியாது, வசதியானவை என்றும் சொல்ல முடியாது. நிதி ஆயோக் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இவர்களைத்தான் காணாமல்போன நடுப்பகுதி என்றது. நாட்டு மக்களில் குறைந்தது 30 சதவீதம், சுமார் 40 கோடிப் பேர், எந்தக் காப்பீடும் இல்லாமல் இருக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பிரீமியத்தைக் கட்டக்கூடியவர்களே. சந்தை கேட்கும் பிரீமியத்தைத்தான் கட்ட முடியாது.

கோடு எப்படி வந்தது என்று பார்த்தால் அதன் தற்செயல் தன்மை புரியும். 2009 ஜூலையில் அன்றைய தி.மு.க. அரசு உயிர்காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, நல வாரிய உறுப்பினர்களோடு ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களையும் சேர்த்தார்கள். காப்பீட்டை நடத்தியது சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த். ஆட்சி மாறி, 2012 ஜனவரி 11இல் ஜெயலலிதா அரசு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக அதை மாற்றி அமைத்தது. பொறுப்பு இன்னொரு சென்னை நிறுவனமான யுனைடெட் இந்தியாவுக்குப் போனது. 2018இல் மத்திய அரசின் ஜன் ஆரோக்ய யோஜனாவோடு இணைந்து காப்பீட்டுத் தொகை 5 லட்சமானது. பெயர் மாறியது, நிறுவனம் மாறியது, தொகை ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமானது. வருமான வரம்பு மட்டும் 72,000 ரூபாயிலேயே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. அந்தக் காலத்தில் விலைவாசி இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. 2022 ஒப்பந்தத்தோடு வரம்பை 1,20,000 ஆக்கியது வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 2009இன் 72,000 ரூபாய்க்கு ஈடாக வேண்டுமென்றால்கூட அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

நடைமுறையில் இந்த வரம்பு இவ்வளவு இறுக்கமாக இல்லை என்று வாசகர்களில் சிலர் சொல்லக்கூடும். அது சரிதான். மாநிலத்தில் குடும்ப அட்டைகள் ஏறத்தாழ 2.2 கோடி, இந்தத் திட்டத்தில் இருப்பவை 1.4 கோடிக் குடும்பங்கள் அளவில். பத்தில் ஆறு வீடுகள். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் இருந்து வருமானச் சான்று இல்லாமலே வந்தவர்களும் இதில் உண்டு. மற்றவர்களுக்கு வருவாய்த் துறை தரும் சான்றுதான் வாசல். தினக்கூலிக்கும் வீட்டு வேலைக்கும் ரசீது கிடையாது. விசாரித்து மதிப்பிடும் தொகைதான் சான்றில் ஏறும். நம் அடையாற்றுப் பெண்ணுக்கு அந்த மதிப்பீடு கருணையோடு அமைந்தால் அட்டை கிடைக்கும். அது கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒரு குடும்பத்தின் இதய அறுவைச் சிகிச்சை ஓர் அலுவலரின் மதிப்பீட்டில் தொங்கக் கூடாது. இன்னொரு விளைவையும் பார்க்க வேண்டும்: வங்கிக் கணக்கிலும் சம்பளச் சீட்டிலும் வருமானம் பதிவாகிறவர் வெளியே நிற்கிறார், பதிவாகாதவர் உள்ளே வர வாய்ப்பிருக்கிறது. வட்டியில் வாழும் மயிலாப்பூர் முதியவருக்கு மதிப்பீட்டின் கருணையும் இல்லை.

இனி மேல்தட்டுக்கு வருவோம். மெடிக்ளெய்ம் பாலிசியைப் பொதுத்துறை நிறுவனங்கள் அறிமுகப்படுத்திய 1986ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்திலேயே 80டி பிரிவும் பிறந்தது. பிரீமியம் கட்டினால் அந்தத் தொகையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பழைய வரிமுறையில் தனக்கும் மனைவி மக்களுக்கும் 25,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்களான பெற்றோருக்குக் கட்டினால் இன்னொரு 50,000 வரை. ஆக 75,000. முப்பது சதவீத வரி அடுக்கில் இருக்கும் ஒருவருக்கு, கூடுதல் வரியும் சேர்ந்து 31.2 சதவீதம் என்று போட்டால், மிச்சமாகும் வரி 23,400 ரூபாய்.

இந்த எண்ணை 849க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் ஏழைக் குடும்பத்தின் காப்பீட்டுக்கு அரசு கட்டும் பிரீமியத்தைப்போல இருபத்தேழு மடங்கு தொகை, நல்ல சம்பளத்தில் இருக்கும் ஒருவரின் காப்பீட்டுக்கு வரி விட்டுக்கொடுப்பாகப் போகிறது. ஒப்பீட்டில் சில நியாயங்களைச் சொல்லிவிட வேண்டும். 849 ரூபாய் பிரீமியத்தோடு அரசின் செலவு முடிவதில்லை: காப்பீட்டு நிறுவனம் ஏற்பது முதல் ஒரு லட்சம் வரையிலான சிகிச்சைச் செலவை, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை அரசே நேரடியாக ஏற்கிறது. தவிர, வரிக் கழிவு தருவது மத்திய அரசு, பிரீமியத்தில் பெரும்பங்கைச் சுமப்பது மாநில அரசு. கணக்கெடுப்புப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும்தான் மத்திய அரசு 60க்கு 40 என்ற விகிதத்தில் பங்கு தருகிறது. இத்தனையையும் கழித்துப் பார்த்தாலும், வருமானம் கூடக் கூட அரசின் உதவியும் கூடுகிறது என்பது மாறவில்லை. ஐந்து சதவீத அடுக்கில் இருப்பவர் அதே 75,000 ரூபாய் கட்டினால் நாலாயிரம்கூட மிச்சமாகாது. வரியே கட்டாதவருக்குப் பூஜ்யம்.

அந்த வரிக் கழிவும் இப்போது மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. 2023-24 முதல் இயல்பான முறையாகிவிட்ட புதிய வரிமுறையில் 80டி கிடையாது. 2025 பட்ஜெட்டுக்குப் பின் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரியே இல்லை. மாதம் ஐம்பதாயிரம் வாங்கும் தி.நகர் கணக்காளருக்கு இது நல்ல செய்தி. அதே சமயம் அவர் காப்பீடு எடுப்பதற்கு வருமான வரிச் சட்டத்தில் இருந்த ஒரே தூண்டுதலும் போய்விட்டது. மார்ச் மாதக் கடைசி வாரத்தில் வரிக்காகவாவது பாலிசி போடுபவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கம் மறைந்தால் அதன் இடத்தில் வேறு என்ன வரப்போகிறது என்பதை எந்த பட்ஜெட் உரையும் சொல்லவில்லை.

நடுவில் இருப்பவருக்கு வந்து சேர்ந்த முதல் உதவி என்று நான் கருதுவது ஜி.எஸ்.டி. நீக்கம். 2017 ஜூலை முதல் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 18 சதவீத வரி இருந்தது. நோய்க்கு அஞ்சிப் பணம் சேர்த்து வைப்பவரிடம் பதினெட்டு சதவீதம் பிடுங்கியது எனக்கு எக்காலத்திலும் நியாயமாகப் பட்டதில்லை. 2025 செப்டம்பர் 3இல் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் தனிநபர் பாலிசிகளுக்கு அதை முழுவதும் நீக்கியது. செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்தது. நாற்பதாயிரம் அடிப்படைப் பிரீமியத்தில் 7,200 ரூபாய் குறைந்தது. வரி கட்டாத முதியவருக்கும் இது கிடைக்கிறது. அலுவலகம் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டுக்கு இந்த விலக்கு இல்லை. நிறுவனங்கள் தங்கள் செலவுகளுக்குக் கட்டும் வரியை இனி ஈடுகட்டிக்கொள்ள முடியாது என்பதால் அடிப்படைப் பிரீமியத்தையே சற்று ஏற்ற அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. புதுப்பிப்பு அறிவிப்பு வரும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், சென்ற ஆண்டின் அடிப்படைப் பிரீமியத்தோடு இந்த ஆண்டின் அடிப்படைப் பிரீமியத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் தன்னிடம் முன்கூட்டியே கலந்துபேச வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 65 வயதுக்கு மேல் புதுப் பாலிசி இல்லை என்று மறுக்கும் வழக்கத்துக்கு இடமில்லாமல் செய்ததும், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பை அதிகபட்சம் மூன்று ஆண்டாகக் குறைத்ததும் அதே ஆணையம்தான். பணம் செலவழிக்காமல் அரசு செய்யக்கூடிய உதவிகள் இவை.

தனிநபரின் பிரீமியத்தில் ஒரு பங்கை அரசே கட்டுவது என்ற யோசனை இந்தியாவுக்குப் புதிதல்ல. 2003இல் மத்திய அரசு யுனிவர்சல் ஹெல்த் இன்சூரன்ஸ் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. தனிநபருக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய், ஆண்டுக்கு 365. ஐவர் குடும்பத்துக்கு 548, எழுவர் குடும்பத்துக்கு 730. முப்பதாயிரம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அரசு 100 ரூபாய் மானியம் தந்தது. அடுத்த ஆண்டே அதை 200, 300, 400 என்று உயர்த்தி, திட்டத்தையே வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. மானியம் போக மீதியை மொத்தமாக முன்கூட்டியே கட்டச் சொன்னால் அன்றாடங்காய்ச்சி எங்கே போவார்? விற்றால் நஷ்டம் என்று நினைக்கும் நிறுவனம் ஏன் தேடிப்போய் விற்கும்? அந்தத் தோல்வியிலிருந்து கொள்கை வகுத்தவர்கள் எடுத்துக்கொண்ட பாடம், ஏழைகளுக்கு மானியம் கொடுத்துப் பயனில்லை, முழுப் பிரீமியத்தையும் அரசே கட்ட வேண்டும் என்பது. அது சரியான பாடம். ஏழையல்லாதவரிடம் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு மீதியை அரசு கட்டலாம் என்ற பாதி மட்டும் அதோடு சேர்ந்து கைவிடப்பட்டது.

அந்தப் பாதியை நம் ஊரிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ், இன்றும் சென்னைவாசிகளுக்கு அடையாறு வி.எச்.எஸ்.தான். மருத்துவப் பேராசிரியரான சஞ்சீவி அங்கே வகுத்த மருத்துவ உதவித் திட்டத்தில், குடும்பங்கள் தங்கள் வருமானத்துக்கு ஏற்ற ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராகச் சேர்ந்தன. குறைந்த வருமானக்காரருக்குப் பெயரளவுச் சந்தா. வருமானம் கூடக் கூடச் சந்தாவும் கூடும். மெடிக்ளெய்ம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வருமானப்படி கட்டணம் என்ற கொள்கை அடையாற்றில் ஒரு மருத்துவமனையின் அன்றாட நடைமுறையாக இருந்தது. இலவசத்துக்கும் முழு விலைக்கும் நடுவில் ஒரு இடம் உண்டு, அங்கே நிற்பவரின் சுயமரியாதைக்கும் அது நல்லது என்று நம்பியவர் சஞ்சீவி. அவரை நம் சுகாதார விவாதங்களில் யாரும் நினைவுகூராதது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கோட்டூர்புரத்திலிருந்து இன்னொரு உதாரணம். அங்கே உள்ள வித்யாசாகர் அமைப்பை 1985இல் நிறுவிய பூனம் நடராஜன், பின்னாளில் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்குத் தலைவரானார். அவர் காலத்தில், 2008இல், வந்தது நிராமயா காப்பீடு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. புறநோயாளிச் செலவும் தெரபியும் உட்பட. தனியார் நிறுவனங்கள் தொடத் தயங்கிய இந்தக் குழந்தைகளுக்கு வயதோ, ஏற்கெனவே உள்ள நிலையோ தடையில்லை. சேர்வதற்கு வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம் 250 ரூபாய், மற்றவர் 500. மீதியை அரசு ஏற்கிறது. வருமானம் கூடினால் கட்டணம் கூடுகிறது, கதவு மூடுவதில்லை. தென் சென்னையில் இன்னும் பல பெற்றோருக்கு இந்தத் திட்டம் தெரியாது. தேசிய அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் வழியாக விண்ணப்பிக்கலாம்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் மயிலாப்பூர் வீடுகளுக்கு இந்த விவாதம் வேறு வடிவில் அறிமுகமாகியிருக்கும். 2010இல் ஒபாமா காலத்தில் வந்த சட்டத்தின்படி, அலுவலகக் காப்பீடு இல்லாதவர் சந்தையில் தனிப் பாலிசி வாங்கினால், வருமானத்துக்கு ஏற்பப் பிரீமியத்தின் ஒரு பகுதியை அரசு நேரே நிறுவனத்துக்குக் கட்டும். வருமானம் குறைந்தால் உதவி கூடும். அங்கேயும் ஒரு கோடு இருந்தது: வறுமைக் கோட்டின் நான்கு மடங்குக்கு ஒரு டாலர் மேலே போனாலும் உதவி முழுவதும் போய்விடும். 2021இல் அந்தக் கோட்டை நீக்கி, வருமானத்தில் எட்டரை சதவீதத்துக்கு மேல் யாரும் கட்ட வேண்டாம் என்றார்கள். அந்த ஏற்பாடு 2025 இறுதியோடு காலாவதியாக இருந்ததால், நீட்டிப்பதா வேண்டாமா என்ற சண்டையில் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் அமெரிக்க அரசே முடங்கியது. உலகின் மிகச் செலவுபிடித்த மருத்துவமுறையை நாம் பின்பற்ற வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் உதவி படிப்படியாகக் குறைய வேண்டுமா, ஓரிடத்தில் அறுந்து விழ வேண்டுமா என்பதை அங்கே அரசியலின் மையக் கேள்வியாக்கிவிட்டார்கள். இங்கே அந்தக் கேள்வியைத் தேர்தல் மேடையில் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நம் கட்சிகள் போட்டி போடுவது 5 லட்சத்தை எவ்வளவாக உயர்த்துவது என்பதில்தான்.

இதற்கிடையில் எழுபதைக் கடந்தவர்களுக்கு ஒரு புது வழி திறந்திருக்கிறது. 2024 அக்டோபர் 29இல் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு வருமான வரம்பே இல்லை. ஆதாரில் வயது 70 ஆகியிருந்தால் போதும். ஆண்டுக்கு 5 லட்சம். தனியார் பாலிசி வைத்திருப்பவரும் பெறலாம். மத்திய அரசு மருத்துவத் திட்டத்தில் இருப்பவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதைச் சேர்வதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வருமானத்தை ஒதுக்கி வைத்து வயதை மட்டும் பார்த்தது நல்ல முடிவு. அதற்கு அடுத்த கேள்வி அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டவர்கள் பற்றியது: அலுவலகக் காப்பீடு ஓய்வோடு முடிந்துபோக, அரசுக் காப்பீடு தொடங்கப் பத்தாண்டு காத்திருக்கும் காலம் அது. நம் மயிலாப்பூர்த் தம்பதி அந்தப் பத்தாண்டில்தான் இருக்கிறார்கள்.

முதல்வர் காப்பீட்டுக்குத் தகுதி உள்ளவர்கள் தாமதிக்க வேண்டாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் காப்பீட்டு மையத்தில் பதிவு செய்வார்கள். ஐயம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உண்டு. குடும்ப அட்டையில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் காப்பீடு. திருமணமாகி வந்த மருமகளின் பெயரையும் உடன் வந்து தங்கிய பெற்றோரின் பெயரையும் அட்டையில் சேர்க்காமல் விட்டிருந்தால், மருத்துவமனை வாசலில்தான் அது தெரியவரும். அடையாறு புற்றுநோய் மையம் முதல் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வரை இந்த அட்டை செல்லும். அரசு மருத்துவமனையில்தான் எல்லாம் இலவசம், அங்கே அட்டை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அட்டையோடு சேர்ந்தால் சிகிச்சைக்கான தொகை அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேர்ந்து, கருவிகளுக்கும் ஊழியர்களின் ஊக்கத்தொகைக்கும் பயன்படுகிறது. நோயாளிக்கு அதனால் இழப்பில்லை, மருத்துவமனைக்கு ஆதாயம்.

இப்போதைய ஒப்பந்தம் 2027 ஜனவரி 10 அன்று முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்துக்கான டெண்டர் விதிகளை எழுதும்போது, கோட்டுக்கு மேலே உள்ள குடும்பங்கள் ஒரு பங்கு கட்டிச் சேர வழி வைக்க வேண்டும். இது கற்பனையான கோரிக்கை அல்ல. ராஜஸ்தான் அரசு 2021 மே மாதம் தொடங்கிய சிரஞ்சீவி திட்டத்தில், இலவசப் பட்டியலில் இல்லாத எந்தக் குடும்பமும் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேரலாம். ஏறத்தாழ அதே அளவு தொகையை அரசு போட்டது. பின்னர் ஆட்சி மாறித் திட்டத்தின் பெயரும் மாறியது, 850 ரூபாய் கட்டிச் சேரும் வழி மாறவில்லை. இமாச்சலப் பிரதேசத்தின் ஹிம்கேர் திட்டத்தில் குடும்ப நிலைக்கு ஏற்பப் பூஜ்யம், 365, 1,000 என்று மூன்று படிகள் வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு எவ்வளவு ஆகும்? கட்டிச் சேரும் குடும்பங்களில் முதியவர்களும் நோயுள்ளவர்களும் கூடுதலாக இருப்பார்கள் என்பதால் 849 ரூபாய்க்கு எந்த நிறுவனமும் ஒப்புக்கொள்ளாது. மூன்று மடங்கு, 2,500 ரூபாய் என்று வைப்போம். முப்பது லட்சம் குடும்பங்கள் சேர்ந்து, சராசரியாகப் பாதியை அவர்கள் கட்டினால் பிரீமியத்தில் அரசின் பங்கு 375 கோடி ரூபாய். இன்று ஆண்டுப் பிரீமியத்துக்கே ஆயிரம் கோடிக்கு மேல் செலவழிக்கும் அரசுக்கு இது சுமைதான், ஆனால் தூக்க முடியாத சுமை அல்ல. இரண்டு லட்சம் வருமானம் வரை கால் பங்கு, மூன்று லட்சம் வரை அரைப் பங்கு, ஐந்து லட்சம் வரை முக்கால், அதற்கு மேல் முழுப் பிரீமியம் என்று வைத்தால், முழுவதும் கட்டுபவருக்கும் இது வெளிச்சந்தையைவிடப் பல மடங்கு மலிவு. காரணம், அரசு மொத்தமாகப் பேரம் பேசி வைத்திருக்கும் சிகிச்சைக் கட்டணங்கள். அந்தக் கட்டணங்கள் கட்டுப்படியாகவில்லை என்று பெரிய தனியார் மருத்துவமனைகள் முணுமுணுப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நடுத்தரக் குடும்பங்கள் எதிர்பார்க்கும் தனி அறை இதில் கிடைக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நோய் வந்த பிறகு ஓடிவந்து சேர்வார்களே என்பது காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கமான மறுப்பு. நியாயமான மறுப்புதான், அதற்கு விடையும் ராஜஸ்தானில் இருக்கிறது. குறித்த காலத்துக்குள் சேர்ந்தவருக்கு உடனே காப்பீடு, தவறவிட்டுப் பின்னால் சேர்ந்தவருக்கு மூன்று மாதம் கழித்துத்தான். குடும்பம் முழுவதும் சேர வேண்டும், நோயாளியை மட்டும் சேர்க்க முடியாது என்ற விதியும் சேர்ந்தால் அந்தப் பயம் பெருமளவு அடங்கும். பணம் வாங்க இ-சேவை மையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வருமானத்தை அறிய இனி அலுவலரின் மதிப்பீட்டை மட்டும் நம்ப வேண்டியதுமில்லை: கோட்டுக்கு வெளியே துரத்தப்படுவோம் என்ற அச்சம் போய், ஒரு படி கூடுதலாகக் கட்டினால் போதும் என்ற நிலை வந்தால், உண்மையான வருமானத்தைச் சொல்வதற்கு மக்கள் தயங்க மாட்டார்கள்.